பட்டிமன்றத் தலைப்பை மாற்றுங்கள்: கோலாலம்பூர் ஆர்சனல் இரசிகர் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

லண்டனின் ஆர்சனல் காற்பந்துக் குழுவை நேசிக்கும் நம் ஆண்டு இறுதி ஒன்றுகூடலில் இம்முறை பட்டிமன்றம் நடத்தப்போவதாகவும், "ஆர்சன் வெங்கர் ஆர்சனலை வளர்த்தவரா, வீழ்த்தியவரா?" என்பதே தலைப்பு என்றும், நான் எந்த அணியில் பேச விரும்புகிறேன் என்றும் கேட்டு ஏற்பாட்டாளர்கள் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள். அழைத்ததற்கு நன்றி. இரண்டு வாரம் யோசித்த பிறகு, இரண்டு அணிகளில் எதிலும் மனமறிந்து பேச என்னால் முடியாது என்ற முடிவுக்கு வந்தேன். அதை ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு விலகியிருக்கலாம். ஆனால் செந்தூலில் நாம் கூடும் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) மேசையில் பத்தாண்டுகளுக்கும் மேலாக இதே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் முகம் கொடுத்துப் பேசாமல் போனவர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வெங்கர் 1996 அக்டோபர் முதல் 2018 மே வரை ஏறத்தாழ 22 ஆண்டுகள், 1,235 ஆட்டங்கள் ஆர்சனலின் பயிற்றுநர் பொறுப்பில் இருந்தார். அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தராசில் வைக்கச் சொல்கிறது உங்கள் தலைப்பு. அந்த மூட்டைக்குள் மூன்று வெவ்வேறு காலங்கள் இருக்கின்றன. 1996 முதல் 2005 வரை கிண்ணங்கள் குவிந்த காலம். 2005 முதல் 2013 வரை புதிய அரங்கத்தின் கடனைச் சுமந்த காலம். 2013 முதல் 2018 வரை பணம் கைக்கு வந்த காலம். "வளர்த்தவர்" என்போர் முதல் ஒன்பது ஆண்டுகளை எடுத்துக் காட்டுகிறார்கள். "வீழ்த்தியவர்" என்போர் மற்ற இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே வீழ்ச்சி என்கிறார்கள். நம் சண்டை தீராமல் இருப்பதற்குக் காரணம் இந்தச் சேர்த்துக் கட்டல்தான். நடுவிலுள்ள எட்டு ஆண்டுகளை வீழ்ச்சிக் கணக்கில் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். என் மதிப்பீட்டில் அவருடைய வேலையிலேயே மிகக் கடினமான பகுதி அதுதான். அவருடைய குற்றம் கடைசி ஐந்து ஆண்டுகளில் இருக்கிறது. அங்கே அவரைக் காப்பாற்றிப் பேசவும் நான் தயாரில்லை.

முதல் காலத்தைப் பற்றி நமக்குள் வாதம் இல்லை என்பதால் நீட்டவில்லை. ஆனாலும் தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் காற்பந்துக் குழுவைப் பார்த்துக்கொண்ட ஓர் ஆசிரியன் என்ற முறையில், கிண்ணங்களைவிட என்னை அதிகம் ஈர்த்த சிலவற்றைச் சொல்லத்தான் வேண்டும். ஜப்பானின் நகோயா குழுவுக்கு 1995-ஆம் ஆண்டுப் பேரரசர் கிண்ணத்தை வென்று தந்துவிட்டு ஆசியாவிலிருந்து லண்டனுக்குப் போனவர் அவர். வந்ததும் ஆட்டக்காரர்களின் சாப்பாட்டுத் தட்டில்தான் முதலில் கை வைத்தார். மிட்டாய்களை நிறுத்தினார், வேகவைத்த கோழியும் காய்கறியும் வந்தன. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த டோனி ஆடம்ஸ், 35 வயதில், லீக் பட்டம், எஃப்ஏ கிண்ணம் என்ற 2002-ஆம் ஆண்டின் இரட்டை வெற்றியிலும் குழுத் தலைவராக நின்றார். யுவெண்டஸில் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த தியரி ஹென்றியை நடுவில் நிறுத்தினார். அவர் 228 கோல்களோடு கிளப்பின் சாதனையாளர் ஆனார். ஏறக்குறைய 150,000 பவுண்டுக்கு வாங்கிய கோலோ டூரேயைத் தற்காப்பின் நடுவே நிறுத்தினார். 2003-04 பருவத்தில் 26 வெற்றி, 12 சமநிலை, தோல்வியே இல்லாத அந்தக் குழுவின் தூணாக டூரே நின்றார். ஒரு பையனை இடம் மாற்றி நிறுத்திப் பார்த்து அவன் மலர்வதைக் கண்ட எவருக்கும், இது எவ்வளவு அரிதான கண் என்பது தெரியும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். 1999 பிப்ரவரியில் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராக, இங்கிலாந்தின் தோற்றால் வெளியேறும் போட்டியான எஃப்ஏ கிண்ண ஆட்டத்தில், காயமடைந்தவருக்காக எதிரணி வெளியே தட்டிய பந்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் தவறிப்போய், ஆர்சனல் அதிலிருந்தே வெற்றி கோலைப் போட்டது. விதிப்படி அந்தக் கோல் செல்லும். ஆட்டத்தை மறுபடி ஆடலாம் என்று முன்வந்தவர் வெங்கர். பத்து நாள் கழித்து மறுபடி ஆடி, அதே 2-1 என்ற கணக்கில் வென்றார்கள். நான் என் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லும் கதை இது.

இனி நடுப் பகுதிக்கு வருகிறேன். இங்கே நிதானமாகப் பேச வேண்டும்.

2006-இல் ஹைபரியை விட்டு எமிரேட்ஸ் அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 60,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கத்துக்கு ஏறத்தாழ 390 மில்லியன் பவுண்டு செலவானது. அதில் பெரும்பகுதி கடன். அக்கடனைத் தருவதற்கு வங்கிகள், வெங்கர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டதாக அவரே பின்னாளில் சொன்னார். ஐந்தாண்டுகளில் மூன்று முறையாவது ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆட வேண்டும், சராசரியாக 54,000 பேர் அரங்கத்துக்கு வர வேண்டும் என்பது கணக்கு என்றும் சொன்னார். அதாவது ஒரு காற்பந்துப் பயிற்றுநரின் பெயர் வீட்டுக் கடனுக்கு ஈடு வைக்கும் நகையைப்போல் வைக்கப்பட்டது. அதே காலத்தில் எதிரே நின்றவர்கள் யார்? 2003-இல் செல்சியை ரோமன் அப்ரமோவிச் வாங்கியிருந்தார். 2008-இல் மேன்செஸ்டர் சிட்டிக்கு அபுதாபியின் பணம் வந்தது. ஆட்டக்காரர்களை வாங்குவதில் வெங்கருக்கு வலக்கையாக இருந்த டேவிட் டீன் 2007 ஏப்ரலில் கிளப்பை விட்டுப் போனார். அவர் போன இடைவெளி கடைசிவரை நிரம்பவில்லை என்பது என் எண்ணம்.

இந்நிலையில் அவர் செய்தது என்ன? அந்த எட்டுப் பருவங்களில் ஒன்றிலும் இங்கிலாந்து லீக்கில் நான்காம் இடத்துக்குக் கீழே இறங்கவில்லை. 2006-இல் பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், கோல்காவலர் சிவப்பு அட்டை பெற்று 18-ஆவது நிமிடத்திலேயே வெளியேறிய பிறகும், பத்துப் பேரோடு முன்னிலை பெற்று 76-ஆவது நிமிடம் வரை பார்சலோனாவைத் தாக்குப்பிடித்தார்கள். நமக்கு அது விடியற்காலை 2.45-க்குத் தொடங்கிய ஆட்டம். முடிந்தபோது வெளியே காக்கைகள் கத்தத் தொடங்கியிருந்தன. 2007-08 பருவத்தில் பிப்ரவரி வரை முதலிடம். பர்மிங்ஹாம் திடலில் நம் முன்கள ஆட்டக்காரர் எட்வார்டோவின் கால் முறிந்த அந்த நாளுக்குப் பிறகு குழு தடுமாறி, 83 புள்ளிகளோடு, முதலிடத்துக்கு நான்கே புள்ளி குறைவாக முடித்தது. பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்தார். அவர்கள் பழுத்ததும் விற்க வேண்டியிருந்தது.

அப்படி விற்ற ஆண்டுகளில் ஒன்று நம் கண்முன்னாலேயே நடந்தது. 2011 ஜூலை 13 அன்று ஆர்சனல் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் மலேசியக் குழுவோடு ஆடி 4-0 என்று வென்றதை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். குழுத் தலைவர் ஃபாப்ரேகாஸ் அந்தப் பயணத்துக்கு வரவே இல்லை. நஸ்ரி வந்திருந்தார். அந்தப் புழுக்கத்தில், வெற்றி தோல்விக்கு மதிப்பே இல்லாத ஒரு நட்புமுறை ஆட்டத்தில், வெங்கர் ஓரக்கோட்டருகே எழுந்து வந்து ஓர் இளம் ஆட்டக்காரருக்குக் கையை நீட்டி நிற்க வேண்டிய இடத்தைக் காட்டியதை நான் மேல் படிக்கட்டிலிருந்து பார்த்தேன். அடுத்த மாதம் பாதிக்குள் ஃபாப்ரேகாஸ் பார்சலோனாவுக்குப் போனார். மாத முடிவுக்குள் நஸ்ரி மேன்செஸ்டர் சிட்டிக்குப் போனார்.

பிறகு ஆகஸ்டு 28. நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு இரவு 11 மணி ஆட்டம். மேன்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்டு திடலில் 8-2 என்று தோல்வி. வில்ஷியர் இல்லை, வெர்மாலன் இல்லை, சோங்கும் ஜெர்வினோவும் தடையில் இருந்தார்கள். முதல் பாதியில் கிடைத்த பினால்டியை வான் பெர்சி தவறவிட்டார். ஐந்தாவது கோலுக்குப் பிறகு நம் மேசைகள் காலியாகத் தொடங்கின. கடைப் பையன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டான். எழாமல் இருந்தவர் ஒருவர்தான். லாரி ஓட்டிக்கொண்டிருந்த நம் பெரியவர், 2004-ஆம் ஆண்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆடை படிந்துபோன தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) தொடாமல், ஜென்கின்சன் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதையும் எட்டாவது கோலையும் பார்த்தார். இரண்டு பயிற்றுநர்களும் கைகுலுக்கிய பிறகுதான் எழுந்தார். நாங்கள் வாசலில் நின்று வெங்கரை ஏசிக்கொண்டிருந்தோம். "நல்ல பையங்கள எல்லாம் வித்துப்புட்டாங்க. இருக்கிறவங்கள வச்சு அந்த மனுசன் என்னாதான் செய்வாரு?" என்று கேட்டுவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பருவத்தை வெங்கர் எங்கே முடித்தார் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். மூன்றாம் இடம். கடைசி நாளில் 70 புள்ளி, டோட்டன்ஹாமுக்கு 69. அடுத்த கோடையில் 30 லீக் கோல் போட்ட வான் பெர்சியும் மேன்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். ஆனாலும் 2012-13 பருவத்தில் மறுபடி ஒரே புள்ளி வித்தியாசத்தில் நான்காம் இடத்தைப் பிடித்தார்கள். நான்காம் இடத்துக்காக வீதியில் கொண்டாட்டம் கிடையாது. ஆனால் அந்த இடம் தவறியிருந்தால் சாம்பியன்ஸ் லீக் வருமானமும் தவறியிருக்கும், கடன் மட்டும் அப்படியே நின்றிருக்கும். ஒன்பது ஆண்டு கிண்ணமில்லை என்று சொல்லிக் காட்டும் நண்பர்கள், அந்த ஒன்பது ஆண்டுகளில் அரங்கத்தின் கடன் தவணைகள் எப்படிக் கட்டப்பட்டன என்ற கேள்விக்கும் மேடையில் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் 2013-க்குப் பிறகு இந்த வாதம் செல்லாது. இதை வெங்கரின் பக்கம் நிற்கும் நண்பர்களுக்காக அழுத்திச் சொல்கிறேன். அந்தச் செப்டம்பரில் 42.5 மில்லியன் பவுண்டு கொடுத்து ஓசிலை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு சான்செஸ் வந்தார். 2014 மே 17 நள்ளிரவில் ஹல் சிட்டிக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் ராம்சியின் கோலால் 3-2 என்று வென்றபோது நாம் மேசை மீது ஏறியது உண்மைதான். 2014, 2015, 2017 என மூன்று எஃப்ஏ கிண்ணங்கள். மொத்தம் ஏழு, வேறெந்தப் பயிற்றுநரும் எட்டாத எண்ணிக்கை. ஆனாலும் லீக்கில் நடந்ததைப் பாருங்கள். 2013-14-இல் 128 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டு, மேன்செஸ்டர் சிட்டியிடம் 6-3, லிவர்பூலிடம் 5-1, அவரது ஆயிரமாவது ஆட்டத்தில் செல்சியிடம் 6-0. பெரிய குழுக்களின் திடலில் ஒரே மாதிரித் தோல்வி, ஒரே மாதிரித் திறந்து கிடந்த தற்காப்பு. ஒரு தடவை தோற்பதை விபத்து என்று விடலாம். மூன்று தடவை அதே வாசல் வழியாகத் திருடன் வந்தால் பூட்டைச் சரிசெய்யாதவரைத்தான் கேட்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை மன்னிக்க முடியாத பருவம் 2015-16. அந்தக் கோடையில் கோல்காவலர் பெட்ர் செக்கைத் தவிர, திடலில் ஓடி ஆடும் ஆட்டக்காரர் ஒருவரைக்கூட முதன்மைக் குழுவுக்கென வாங்கவில்லை. செல்சி சரிந்தது, இரண்டு மேன்செஸ்டர் குழுக்களும் தடுமாறின. களம் காலியாகக் கிடந்தது. பிப்ரவரி 14 அன்று நம் வெல்பெக் 95-ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி லெஸ்டரை 2-1 என்று வீழ்த்தினார். அதற்குப் பிறகு இளம் ஆட்டக்காரர்கள் நிறைந்த மேன்செஸ்டர் யுனைடெட்டிடம் 3-2, சொந்தத் திடலில் ஸ்வான்சியிடம் 2-1. லெஸ்டர் 81 புள்ளியோடு பட்டம் வென்றது. நாம் பத்துப் புள்ளி பின்னால் இரண்டாம் இடம். செல்சியின் பணம், அபுதாபியின் பணம் என்று சொல்ல அந்த ஆண்டு வழியே இல்லை, ஏனெனில் பட்டத்தை வென்றது லெஸ்டர். அவர் தம் ஆட்டக்காரர்கள் மேல் வைத்த நம்பிக்கை, 1998-இல் கண்ணாக இருந்தது, 2016-இல் கண்ணை மறைத்தது. அதே குணம்தான். உலகம் முழுவதும் உணவு, ஓட்டக் கணக்கு, ஆட்டக்காரர் தேடல் ஆகியவற்றை அவரிடமிருந்து கற்றுக்கொண்டு அதற்கு மேலும் போய்விட்டது. அவர் தம்மிடம் இருந்ததே போதும் என்று நின்றுவிட்டார். ஓசில், சான்செஸ் ஒப்பந்தங்களைக் கடைசி ஆண்டு வரை இழுக்க விட்டதும், 2018-இல் கடைசி நாள் வரை வெளித்திடலில் ஒரு லீக் புள்ளிகூடப் பெறாததும், 63 புள்ளியோடு ஆறாம் இடத்தில் முடித்ததும் அந்த நிற்றலின் விளைவுகள். 2014-இலோ 2015-இலோ, கிண்ணம் கையில் இருக்கும்போதே அவர் விடைபெற்றிருக்க வேண்டும் என்பதே என் முடிவு. பேயர்ன் மியூனிக்கிடம் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 10-2 என்று தோற்ற அந்தக் கணக்கு அவர் பெயரோடு சேராமல் போயிருக்கும்.

அந்தக் கணக்கு முடிந்த விடியற்காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2017 மார்ச் 8, புதன். தூங்காமல் பள்ளிக்குப் போனேன். அடுத்த வார இறுதிகளில் ஒன்றில், வெஸ்ட் புரோம் ஆட்டத்தின்போது அரங்கத்துக்கு மேலே விமானங்கள் வாசகம் இழுத்துக்கொண்டு பறந்தன. ஒன்று அவரைப் போகச் சொன்னது, மற்றொன்று அவரை மதிக்கச் சொன்னது. அதே இரவில் நம் கடையில் நான் ஒரு மஞ்சள் மணிலா அட்டையில் "வெங்கர், போதும்!" என்று எழுதி உயர்த்திப் பிடித்தேன். எழுத்து என்னுடையது, எடுத்த படத்தில் என் முகம் இருக்கிறது. அவர் போக வேண்டும் என்று நினைத்தது தவறில்லை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்று அந்த மேசையில் அவருடைய வயதையும் தோற்றத்தையும் பற்றி நாங்கள் பேசிய பேச்சு, ஓர் ஆசிரியன் இருந்த மேசையில் பேசப்பட்டிருக்கக் கூடாது. நான் தடுக்கவில்லை.

2018 ஏப்ரல் 20 அன்று அவர் விலகல் அறிவிப்பு வந்தபோது, பள்ளித் திடலில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பயிற்சியை முடித்துக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சில நாள் கழித்து அவர் செய்தியாளர்களிடம் பேசும்போது, உலகெங்கும் உள்ள இரசிகர்கள் ஒற்றுமையாகத் தோன்றாததும், அது கிளப்பைப் பற்றி வெளியே காட்டிய தோற்றமும் தம்மை வருத்தியதாகச் சொன்னார். "உலகெங்கும்" என்பதற்குள் செந்தூலும் அடங்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பிறகு மே 6. நம் பொதுத்தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, ஊரெல்லாம் கொடியாக இருந்த நேரம். பர்ன்லியை 5-0 என்று வென்ற பிறகு, தோல்வியில்லாப் பருவத்துக்காகச் செய்யப்பட்ட தங்கக் கிண்ணத்தை அவரிடமே கொடுத்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்ததும் அவர் முதலில் பேசியது தம்மைப் பற்றியல்ல. முந்தைய நாள் மூளை இரத்தக்கசிவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் நலம் பெற வேண்டும் என்று சொன்னார். ஓல்ட் டிராஃபர்டில் நமக்கு எதிராக எட்டு கோல் போட்ட குழுவின் பயிற்றுநர்தான் ஃபெர்குசன். அதற்குப் பிறகு நான்கரை ஆண்டுகளுக்கும் மேல் வெங்கர் எமிரேட்ஸ் பக்கம் வரவில்லை. 2022 டிசம்பர் 26 அன்றுதான் வந்தார். அடுத்த ஜூலையில் அரங்கத்துக்கு வெளியே சிலை வைத்தார்கள்.

நம் நாட்டிலும் இப்படிச் செய்திருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. மலேசியக் காற்பந்துப் பயிற்றுநர் கே. ராஜகோபால் 2009-இல் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுத் தங்கத்தையும், 2010-இல் வரலாற்றிலேயே முதன்முறையாகத் தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணத்தையும் வென்று தந்தார். இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் புக்கிட் ஜாலில் அரங்கம் நிரம்பி வழிய இந்தோனேசியாவை 3-0 என்று வென்ற இரவில் நம்மில் எத்தனை பேர் கண்ணீர் விட்டோம்! அடுத்த ஆண்டு சிங்கப்பூரிடம் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் வெளியேறியதும் அதே வாய்கள் என்ன பேசின என்பதும் நமக்குத் தெரியும். 2013-இல் அவருடைய பொறுப்பு முடிந்தது. அவருடைய பணியிலும் நல்ல ஆண்டு எது, தவறிய ஆண்டு எது என்று பிரித்துப் பேசிய கூட்டம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தலைப்பை "வெங்கரின் வீழ்ச்சி எந்த ஆண்டில் தொடங்கியது?" என்று மாற்றுங்கள். 2005 என்று ஓர் அணி பேசட்டும். டேவிட் டீன் போன 2007 என்று ஓர் அணி பேசட்டும். 2013-க்குப் பிறகுதான் என்று மற்றோர் அணி பேசட்டும். அப்படி மாற்றினால் மூன்றாம் அணியில் நான் பேசுகிறேன். கடைசி ஐந்து ஆண்டுகளுக்காக அவரைக் குற்றஞ்சாட்டுவதில் தயங்க மாட்டேன். கடனைச் சுமந்த நடு எட்டு ஆண்டுகளைப் பற்றிப் பேச, எட்டாவது கோல் வரை உட்கார்ந்திருந்த நம் பெரியவரை அழையுங்கள். இப்போது லாரி ஓட்டுவதில்லை, மகள் வீட்டில் ரவாங்கில் இருக்கிறார். வர வர வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன், ஆனால் கார் அனுப்பினால் வருவார். நானே போய் அழைத்து வருகிறேன். அந்த மஞ்சள் மணிலா அட்டை இன்னும் என் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. அன்றைய பேச்சுக்காக மேடையில் நான் முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து உங்களில் ஒருவன்